கல்லூரிக்குப் போய்வர மாதம் எவ்வளவு? – வாசகர் கேள்வி பதில்

கல்வியாண்டு தொடங்கியதும் இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் கட்டணம், விடுதி, உதவித்தொகை ஆகியவற்றோடு போக்குவரத்துச் செலவைப் பற்றிய கேள்விகளும் தவறாமல் இருக்கும். இம்முறை சென்னையில் படிக்கப்போகும் மாணவர்களின் பயணச் செலவு குறித்து வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: என் மகளுக்கு மெரினாவை ஒட்டியுள்ள மாநிலக் கல்லூரியில் இளங்கலை வரலாறு படிக்க இடம் கிடைத்திருக்கிறது. முடிச்சூரில் வசிக்கிறோம். தாம்பரம் வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து ரயில், இறங்கியபின் மறுபடி ஆட்டோ என்று பார்த்தால் போக வர ஒரு நாளைக்கு நூறு ரூபாயைத் தாண்டுகிறது. நான் காவலாளி வேலை பார்ப்பவன். இந்தச் செலவைக் குறைக்க முடியுமா?
– ஒரு தந்தை, முடிச்சூர்

பதில்: முடியும் ஐயா. உரிய தாள்களை உரிய நேரத்தில் வாங்கிவிட்டால் உங்கள் மகளின் பயணச் செலவு ஏறத்தாழ இல்லாமலே போய்விடும். நீங்கள் போட்ட கணக்கில் மிகப் பெரிய தொகையை விழுங்குவது ரயில் அன்று என்பதை முதலில் கவனியுங்கள். தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையம் வரையுள்ள 29 கிலோமீட்டருக்குச் சாதாரண மின்ரயிலில் பத்து ரூபாய்தான். வீட்டிலிருந்து நிலையத்துக்கும், நிலையத்திலிருந்து கல்லூரிக்கும் இடையிலுள்ள சில கிலோமீட்டர்களே உங்கள் நூறு ரூபாயைத் தின்கின்றன. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

முடிச்சூர் தாம்பரம் இடையே ஓடும் மாநகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டணப் பேருந்துகள் எவை, அவை எந்த நேரத்தில் வருகின்றன என்று உங்கள் மகள் ஒரு வாரம் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளட்டும். 2021 மே மாதத்திலிருந்து இப்பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். வருமான வரம்போ வயது வரம்போ அடையாள அட்டையோ தேவையில்லை. முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசியிருந்தால் தொலைவிலேயே அடையாளம் தெரியும். கட்டணம் இல்லை என்பதற்காகச் சீட்டு வாங்காமல் இருந்துவிடக் கூடாது. நடத்துநர் தரும் கட்டணமில்லாப் பயணச்சீட்டைக் கேட்டு வாங்கி, இறங்கும்வரை கையில் வைத்திருக்க வேண்டும். ஷேர் ஆட்டோவுக்குப் பதிலாக இந்தப் பேருந்தைப் பிடிப்பதற்காகக் கால்மணி நேரம் முன்னதாகக் கிளம்ப நேர்ந்தாலும், மாதக் கணக்கில் பார்த்தால் அது சிறிய தொகை அன்று.

அடுத்தது ரயில். பெரும்பாலான பெற்றோர் அறியாத ஒரு சலுகை இங்கே இருக்கிறது. ஆண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலும், பெண் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு முடியும்வரையிலும், வீட்டுக்கும் கல்வி நிலையத்துக்கும் இடையே சென்றுவர இரண்டாம் வகுப்பு மாதச் சீசன் டிக்கெட்டை ரயில்வே இலவசமாகவே வழங்குகிறது. உங்கள் மகள் இளங்கலையில் சேர்ந்திருப்பதால் இந்தச் சலுகைக்கு உரியவர். கல்லூரி அலுவலகத்தில் இதற்கான சான்றிதழைப் பெற்று, முதல்வரின் கையொப்பமும் முத்திரையும் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, வயதுச் சான்று, புகைப்படம் ஆகியவற்றோடு தாம்பரம் நிலையத்து டிக்கெட் கவுண்ட்டருக்குப் போக வேண்டும். கைப்பேசிச் செயலியில் சீசன் எடுக்கப் பழகியவர்கள், ‘அதில் மாணவர் சலுகை காட்டவில்லையே’ என்று முழுக் கட்டணத்தைக் கட்டிவிடுவதுண்டு. சலுகைச் சீசனுக்கு நிலையத்துக்கு நேரில் போவதே முறை. கவுண்ட்டரில் இருப்பவர் ‘மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம்தான்’ என்று சொன்னால் வாக்குவாதம் வேண்டாம். பட்டப்படிப்பு வரை பெண்களுக்கு இலவசம் என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லி, நிலையத்தின் டிக்கெட் மேற்பார்வையாளரைப் பார்க்கக் கேளுங்கள்.

சீசன் எந்த நிலையம் வரை என்பதிலும் கவனம் வேண்டும். கடற்கரை வரை மட்டும் எடுத்தால் அங்கிருந்து மீண்டும் ஆட்டோ தேட வேண்டியிருக்கும். கோட்டை நிலையத்தில் இறங்கி, தூண்கள்மேல் அமைந்த பாதையில் ஓடும் பறக்கும் ரயிலுக்கு மாறினால் பூங்கா நகர், சிந்தாதிரிப்பேட்டை, அதற்கடுத்துச் சேப்பாக்கம். சேப்பாக்கத்திலோ அதற்கடுத்த திருவல்லிக்கேணியிலோ இறங்கி நடந்தால் கல்லூரிக்குப் போய்விடலாம். எனவே சான்றிதழிலேயே ‘தாம்பரம் முதல் சேப்பாக்கம் வரை’ என்று எழுதி வாங்கச் சொல்லுங்கள். கல்லூரி அலுவலகத்தில் வழக்கம்போல ‘சென்னை கடற்கரை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு திருத்தி வாங்குவதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். மாலை வேளைகளில் சில பறக்கும் ரயில் நிலையங்களில் ஆள் நடமாட்டம் மிகக் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். வகுப்பு முடிந்து தாமதமாகும் நாள்களில் தோழியரோடு சேர்ந்து வருவதோ, காமராஜர் சாலையிலேயே பேருந்தில் ஏறிவிடுவதோ நல்லது.

இந்தச் சீசனை வைத்துக்கொண்டு தாம்பரத்தில் நிற்கும் விரைவு ரயில்களிலோ, 2025 ஏப்ரலில் இத்தடத்தில் ஓடத் தொடங்கிய ஏ.சி. மின்ரயிலிலோ ஏறக் கூடாது. ஏ.சி. வண்டியின் குறைந்தபட்சக் கட்டணமே முப்பத்தைந்து ரூபாய். பரிசோதகரிடம் சிக்கினால் உரிய கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் கூடுதலாகக் கட்ட நேரும். 1931ஆம் ஆண்டில் இதே கடற்கரை–தாம்பரம் தடத்தில்தான் சென்னையின் முதல் மின்ரயில் ஓடியது. இந்த நகரத்தில் இன்றும் ஒரு காவலாளியின் மகள் மெரினா வரை சென்று படிக்க முடிகிறதென்றால் அதற்கு இந்தத் தண்டவாளமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கேள்வி: நான் கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் முதலாண்டு பொறியியல் படிக்கிறேன். வீடு ஆவடியில். பேருந்து, ரயில் என்று மாறி மாறிப் போவதைவிடத் தவணையில் ஒரு பைக் வாங்கிவிட்டால் பணமும் மிச்சம், நேரமும் மிச்சம் என்கிறார் என் மாமா. அப்பாவும் சம்மதித்துவிட்டார். உங்கள் கருத்து என்ன?
– ஒரு மாணவர், ஆவடி

பதில்: நேரம் ஓரளவு மிச்சமாகலாம் தம்பி; பணம் ஆகாது. போக வர 45 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய் என்று முழுமையாக்கி, மாதத்தில் 22 நாள் கல்லூரி என்றால் 2,200 ரூபாய் எரிபொருளுக்கு மட்டுமே போய்விடும். மாதத் தவணை, பராமரிப்பு, டயர், நிறுத்துமிடக் கட்டணம் எல்லாம் இதற்கு மேல். புதிய இரு சக்கர வாகனம் வாங்கும்போதே ஐந்தாண்டுக்கான மூன்றாம் தரப்புக் காப்பீட்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அவசரத்தில் தலைக்கவசத்தை மறந்து ஒருமுறை பிடிபட்டால் அபராதம் 1,000 ரூபாய். மாநகரப் பேருந்துகளில், ஏ.சி. பேருந்துகளைத் தவிர, நகரெங்கும் ஒரு மாதம் விருப்பம்போல் சுற்றிவருவதற்கான பாஸின் விலையும் சரியாக அதே 1,000 ரூபாய்தான்.

இதற்கு மாற்றாக நான் சொல்லக்கூடிய வழி ரயிலே. ஆவடியிலிருந்து சென்ட்ரல் வந்து, சுரங்கப்பாதை வழியாகச் சாலையைக் கடந்து, பூங்கா நகரில் பறக்கும் ரயிலைப் பிடியுங்கள். கிண்டி என்றவுடன் எல்லோரும் கிண்டி ரயில் நிலையத்தையே நினைக்கிறார்கள். அங்கு இறங்கினால் சர்தார் படேல் சாலை நெரிசலில் இன்னொரு பேருந்துப் பயணம் காத்திருக்கும். அதைவிடக் கோட்டூர்புரம் நிலையத்தில் இறங்கினால் காந்தி மண்டபம் சாலைப் பக்கமாக வளாகத்துக்கு நடந்தே போய்விடலாம். ஆவடியிலிருந்து கடற்கரை வரை செல்லும் மின்ரயில் உங்கள் நேரத்துக்கு அமைந்தால் இன்னும் நல்லது. சாலையைக் கடக்காமல் அங்கேயே பறக்கும் ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம்.

பட்டப்படிப்பு மாணவர் என்ற முறையில் உங்களுக்கு இலவசச் சீசன் கிடையாது; பாதிக் கட்டணச் சீசன் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குச் சலுகை இன்னும் அதிகம். சீசனை மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுத்தால், மூன்று மாதப் பணத்துக்குப் பதிலாக 2.7 மாதப் பணம் கட்டினால் போதும்; வரிசையில் நிற்கும் வேலையும் குறையும். ஆனால் பருவத் தேர்வு முடிந்து வரும் விடுமுறையைக் கணக்கில் வைத்துக்கொண்டு மூன்று மாதமா ஒரு மாதமா என்று முடிவு செய்யுங்கள். டிசம்பர் தொடக்கத்தில் மூன்று மாதச் சீசன் எடுத்துவிட்டு விடுமுறை முழுவதும் வீட்டில் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; நானும் ஒரு காலத்தில் அப்படிச் செய்தவன்தான்.

வீட்டிலிருந்து ஆவடி நிலையத்துக்கு ஒரு பழைய சைக்கிள் போதும். பைக்குக்கு முன்பணமாக வைத்திருக்கும் தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு மடிக்கணினி வாங்கித் தரும்படி அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். மாமாவிடம் இந்த இதழைக் காட்ட வேண்டாம்.

கேள்வி: பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து நகருக்குள் உள்ள அரசுக் கலைக் கல்லூரிக்குப் போய்வருகிறேன். இலவச பஸ் பாஸ் உண்டு என்கிறார்கள். கல்லூரி திறந்து மூன்று வாரம் ஆகியும் பாஸ் வரவில்லை. வந்தாலும் காலையில் வருவது பெரும்பாலும் சொகுசுப் பேருந்தாகவே இருக்கிறது. அதில் பாஸ் செல்லாதாமே?
– இரண்டாமாண்டு மாணவர், பெரும்பாக்கம்

பதில்: அரசுக் கலை அறிவியல் கல்லூரிகள், அரசு பாலிடெக்னிக்குகள், அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் ஆகியவற்றின் மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பயண அட்டை உண்டு, தனியார் கல்லூரி மாணவர்களுக்குப் பாதிக் கட்டண அட்டை. இரண்டுமே கல்லூரி வழியாகவே வர வேண்டும் என்பதால், உங்கள் விண்ணப்பம் எங்கே தங்கியிருக்கிறது என்று முதலில் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். துறைவாரியாகப் பட்டியல் எடுத்து அனுப்பும் இடத்தில்தான் பெரும்பாலும் தாமதம் நேர்கிறது. புதிய அட்டை வரும்வரை அரசுக் கல்லூரி மாணவர்கள் கல்லூரி அடையாள அட்டையையோ பழைய அட்டையையோ காட்டிப் பயணம் செய்யலாம் என்று போக்குவரத்துத் துறை ஆண்டுதோறும் அறிவிப்பது வழக்கம். அந்த அறிவிப்பு வந்த செய்தித்தாள் துணுக்கைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நடத்துநரிடம் நூறு சொற்கள் பேசுவதைவிட அது பயன்படும். அட்டையில் நீங்கள் ஏறும் இடமும் இறங்கும் இடமும் குறிக்கப்பட்டிருக்கும் என்பதால், வீட்டு முகவரியைப் பழைய இடத்திலேயே வைத்திருந்தால் உடனே மாற்றிக்கொடுங்கள். நகருக்குள்ளிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களில் இந்தச் சிக்கல் அடிக்கடி எழுகிறது.

சொகுசுப் பேருந்து பற்றி நீங்கள் கேட்டது சரியே; இந்த அட்டை சாதாரணக் கட்டணப் பேருந்துக்கு உரியது. சாதாரணப் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாய் என்றால் சொகுசுப் பேருந்தில் அது இரு மடங்கை ஒட்டி வரும். நகரின் நடுவிலிருந்து ஏழைகளை விளிம்புக்கு அனுப்பிவிட்டு, அவர்களின் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் நேரத்தில் அவர்கள் கட்டணமின்றி ஏறக்கூடிய வண்டி போதிய எண்ணிக்கையில் இல்லாமலிருப்பது நியாயமன்று. ஒரே தடத்தில் செல்லும் மாணவர்கள் இருபது முப்பது பேர் சேர்ந்து, எத்தனை மணிக்கு எந்தப் பேருந்து வேண்டும் என்று திட்டவட்டமாக எழுதிப் பணிமனை மேலாளரிடம் கொடுத்தால், பொதுவாகக் குறை சொல்லும் மனுவைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

அதுவரை ஒரு மாற்று வழி இருக்கிறது. கல்லூரி வாசல் வரை ஒரே பேருந்துக்குக் காத்திருப்பதைவிட, திருவான்மியூர் வரை கிடைக்கும் சாதாரணப் பேருந்தில் வந்து, அங்கிருந்து பறக்கும் ரயிலில் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் பக்கம் போய்விடலாம். ஒரு நடைக்கு ஐந்து ரூபாய்தான். நாள்தோறும் சீட்டு வாங்கினாலும் 22 நாளுக்கு 220 ரூபாய். மாணவர் சீசன் எடுத்தால் இதைவிடக் கணிசமாகக் குறையும். நீங்கள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவரானால், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். மாணவியருக்கு 2022 செப்டம்பரிலிருந்து இதே தொகை புதுமைப் பெண் திட்டத்தில் வருகிறது. வரவில்லையென்றால் கல்லூரியில் இத்திட்டத்துக்கெனப் பொறுப்பிலுள்ள ஆசிரியரைப் பாருங்கள்.

படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போக வேண்டாம் என்று சொன்னால் ‘உள்ளே இடமிருந்தால் தொங்குவோமா’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் அடுத்த பேருந்துக்கு நில்லுங்கள்.

கேள்வி: மெட்ரோ ரயிலில் மாணவர்களுக்குச் சலுகை உண்டா? நான் விம்கோ நகரிலிருந்து சைதாப்பேட்டைக்கு வர வேண்டும்.
– ஒரு மாணவி, திருவொற்றியூர்

பதில்: பேருந்திலும் மின்ரயிலிலும் இருப்பதுபோன்ற பாதிக் கட்டணத்தை மெட்ரோவில் எதிர்பார்க்க வேண்டாம். முன்கூட்டியே பணம் ஏற்றிவைக்கும் சிங்காரச் சென்னை பயண அட்டையிலோ கைப்பேசி க்யூஆர் சீட்டிலோ பயணம் செய்தால் கிடைக்கும் 20 விழுக்காட்டுக் கழிவு எல்லோருக்கும் பொதுவானது. உச்சக் கட்டணம் ஐம்பது ரூபாய். கழிவு போக நாற்பது. நாள்தோறும் போக வர 80 ரூபாய் என்றால் 22 நாளுக்கு 1,760 ரூபாய் ஆகிவிடும். பட்டப்படிப்பு மாணவி என்றால் திருவொற்றியூரிலிருந்து சென்ட்ரல் வரை மின்ரயில், எதிரே பூங்கா நிலையத்தில் மாறிச் சைதாப்பேட்டை வரை இன்னொரு மின்ரயில் என்று வந்தால், முதல் கேள்விக்குச் சொன்ன இலவசச் சீசனைக் கேட்க உங்களுக்கும் உரிமை உண்டு. மெட்ரோவைத் தேர்வு நாள்களுக்கும் மழை நாள்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருவள்ளூரில் இருக்கிறோம். மகன் சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேர்ந்திருக்கிறான். திருவல்லிக்கேணியில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்குகிறேன் என்கிறான். தினமும் போய்வருவதா, அறை எடுப்பதா?
– ஒரு தாயார், திருவள்ளூர்

பதில்: பணத்தை மட்டும் பார்த்தால் இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை அம்மா. திருவள்ளூரிலிருந்து சென்ட்ரல் 42 கிலோமீட்டர். மாணவர் சலுகையோடு மூன்று மாதச் சீசனுக்கு ஆகும் தொகை, திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் ஒரு படுக்கைக்கான ஒரு மாத வாடகைக்கே காணாது. சாப்பாட்டுச் செலவு அதற்கு மேல். சென்ட்ரலில் இறங்கிப் பூங்கா நகரிலிருந்து பறக்கும் ரயிலில் போனால் இரண்டாவது நிலையம் சேப்பாக்கம்.

ஆனால் நேரத்தையும் பார்க்க வேண்டும். வீட்டு வாசலிலிருந்து வகுப்பு வரை ஒருவழிக்கு இரண்டு மணி நேரம் என்றால், நாளில் நான்கு மணி நேரம் ரயிலில் போகிறது. கலைப் படிப்பு என்றால் அந்த நேரத்தில் உட்கார இடம் கிடைக்கும் அளவுக்கு முன்னதாக ஏறிப் படித்துக்கொண்டு வரலாம். அப்படிப் படித்துத் தேறியவர்கள் பலர். ஆய்வகத்தில் மாலை வரை நிற்க வேண்டிய அறிவியல் படிப்பு என்றால் கதை வேறு. என் கருத்து: முதல் பருவம் முழுவதும் சீசனில் போய்வரட்டும். தேர்வுக்கு முந்தைய ஒரு மாதம் மட்டும் நண்பர்களின் அறையில் பங்கு கொடுத்துத் தங்கட்டும். அதற்குள் பல்கலைக்கழக விடுதிக்கும் விண்ணப்பித்து வைக்கச் சொல்லுங்கள். இடையில் சிலர் விட்டுச் செல்லும்போது இடம் கிடைப்பதுண்டு. முதுகலை மாணவருக்குப் பேருந்துச் சலுகை எந்த வகையில் வரும் என்பதைத் துறை அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். ரயில் சலுகைச் சான்றிதழ் வாங்கப் போகும் அதே நாளில் இதையும் விசாரித்துவிட்டால் இன்னொரு முறை அலைய வேண்டியதில்லை. சீசனைப் புதுப்பிக்க, அது முடிவதற்குச் சில நாள் முன்னதாகவே போகலாம். திங்கட்கிழமை காலை வரிசையில் மட்டும் நிற்க வேண்டாம்.